அனுப்பியது சேர்ந்ததா? – கையடக்கத் தொலைபேசித் தரவின் கதை

பத்திரிகைத் தொழிலில் பிரதேச நிருபர் ஒருவர் முதலில் கற்றுக்கொள்வது செய்தி எழுதுவதை அன்று. எழுதிய செய்தி கொழும்பில் கிடைத்துவிட்டதா என்று கேட்டறிவதையே. தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் கண்டியிலிருந்து செய்தி அனுப்பத் தொடங்கிய காலத்தில் அவசரச் செய்திகள் தொலைபேசி மூலமே சொல்லப்பட்டன. மறுமுனையில் இருந்து எழுதிக்கொள்பவர் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் திருப்பி வாசிப்பார். "மாத்தளையா, மாத்தறையா?" என்று கேட்பார். இரைச்சல் மிகுந்த தொடர்பில் இவ்விரு பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஒன்று எமது மத்திய மாகாணத்தில் இருக்கிறது. மற்றையது நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. எனவே அவர் கேட்பதற்கு முன்னரே "தம்புள்ளைக்குப் போகும் வழியிலுள்ள மாத்தளை" என்று சொல்ல நாங்கள் பழகிக்கொண்டோம்.

இந்தச் சிறிய பழக்கத்தில் இரண்டு உத்திகள் அடங்கியுள்ளன. பெற்றவர் திருப்பி வாசித்து உறுதிசெய்வது ஒன்று. வழியில் ஏதேனும் சிதைந்தாலும் பெற்றவர் தாமே திருத்திக்கொள்ளும் வகையில் சில சொற்களை மேலதிகமாகச் சேர்த்து அனுப்புவது மற்றொன்று. இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒரு புகைப்படமோ, வங்கிக் கணக்கு விபரமோ ஓர் எழுத்தும் பிசகாமல் வந்து சேர்வதும் இவ்விரு உத்திகளினால்தான். பேராதனையில் கலைப்பட்டம் பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பொறியியல் அந்நியமானதே எனினும், அதன் வரலாறு அந்நியமானதன்று. மலையகத்தில் ஒரு செய்தி உரிய இடத்தைச் சேர்ந்ததா என்பது பல தடவைகள் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்திருக்கிறது. அதனாலேயே இதனை எழுத முற்படுகிறேன்.

முதலில் காற்றின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். மஹய்யாவ பகுதியில் கட்டுகஸ்தோட்டை வீதியோரமாக நடந்துகொண்டு தொலைபேசியில் பேசுபவர் நான்கு எட்டு வைப்பதற்குள் குரல் தெளிவதும் மங்குவதும் உண்டு. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேராக மட்டும் வருவதில்லை. மலைச்சரிவில் பட்டும், கட்டடச் சுவர்களில் பட்டும், பஸ் வண்டியின் உடலில் பட்டும் தெறித்துப் பல வழிகளால் வருகிறது. அவ்வாறு வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். வேறோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். அதில் பாதி தூரம், அதாவது ஒரு சாண் அளவு நகர்ந்தாலே நிலைமை மாறிவிடலாம். ஹந்தானையும் பஹிரவகந்தையும் உடவத்தகெலே வனமும் சூழ்ந்த எமது நகரத்தில் இத்தகைய நிழல்களுக்குக் குறைவில்லை. செப்புக் கம்பியில் அபூர்வமாக நிகழும் சிதைவு காற்றில் அன்றாட நிகழ்வாகும்.

ஆயினும், சிதைவுக்கு மருந்து தேடும் முயற்சி கையடக்கத் தொலைபேசிக்கு மிக முற்பட்டது. இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி இணைப்பு 1858ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. தந்தி யுகத்தில் பிழை பிடித்தது மனிதக் காது. அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்களுள் முக்கியமானவர் நெதர்லாந்துப் பொறியியலாளர் வான் டியூரன். வானொலி வழித் தட்டச்சுச் செய்திகளுக்காக 1940களில் அவர் அமைத்த முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு துடிப்புகள். அவற்றுள் மூன்று மட்டுமே ஒரு வகையினதாக இருக்கவேண்டும். எண்ணிக்கை பிசகினால் எழுத்து சிதைந்துவிட்டதென்று இயந்திரம் அறிந்து, "மீண்டும் அனுப்பு" என்று தானே கேட்கும். திருப்பி வாசிக்கும் வழக்கத்தின் இயந்திர வடிவம் இதுவே. பெற்றவரே பிழையைத் திருத்திக்கொள்ளும் மற்றைய உத்திக்கு, 1950இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹமிங் கணித வடிவம் கொடுத்தார்.

அடுத்த கட்டம் ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது. தீவுகளுக்கிடையே கம்பி இழுப்பது எளிதன்று. ஆகவே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழுவினர் 1971ஆம் ஆண்டு 'அலோஹா' என்ற வானொலிவழிக் கணினி வலையமைப்பை இயக்கினர். அனைவருக்கும் ஒரே அலைவரிசை. யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. செய்தியைச் சிறு பொதியாக்கி அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருப்பார்கள். பதில் வராவிட்டால், வேறொருவரின் பொதியோடு மோதிச் சிதைந்துவிட்டதெனக் கருதி, ஒழுங்கற்ற ஓர் இடைவெளிக்குப் பின் மீண்டும் அனுப்புவார்கள். எல்லோரும் ஒரே இடைவெளியில் அனுப்பினால் மறுபடியும் மோதவேண்டி வரும் அல்லவா? அதனால்தான் அந்த ஒழுங்கின்மை. இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதமளவே பயன்படும் என்று கணிக்கப்பட்டது. ஆயினும் அந்தத் தத்துவம் அழியவில்லை. ஒரு கையடக்கத் தொலைபேசி அழைப்பை ஏற்படுத்துமுன் கோபுரத்தின் கதவைத் தட்டும் முதல் தட்டு இன்றும் அலோஹாவின் வழிவந்ததே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

இணையத்தின் அடிப்படை ஒழுங்குமுறையை வின்ட் சேர்ப், ரொபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். டி.சி.பி. என்று இன்று அழைக்கப்படும் அந்த முறையும் இதே அடிப்படையில் அமைந்தது. பொதிகளுக்கு இலக்கமிட்டு அனுப்பவேண்டும். பெற்றவர் எதுவரை கிடைத்தது என்று அறிவிக்கவேண்டும். குறித்த நேரத்தில் அறிவிப்பு வராவிட்டால் மீண்டும் அனுப்பவேண்டும். ஆனால் 1986ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 400 யார் இடைவெளியிலிருந்த இரு நிறுவனங்களுக்கிடையே செக்கனுக்கு 32,000 பிற் வேகத்தில் சென்ற தரவு, செக்கனுக்கு 40 பிற் என்ற அளவுக்கு வீழ்ந்தது. நெரிசலில் பொதிகள் தொலைந்தன; தொலைந்தவற்றை எல்லோரும் மீண்டும் அனுப்பினர்; நெரிசல் மேலும் பெருகியது. பெரஹெராக் காலத்தில் தலதா வீதியில் சிக்கிய வாகனங்களுக்குப் பின்னால் மேலும் வாகனங்களை அனுப்புவது போன்ற காரியம் அது. வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்குத் தீர்வு கண்டார். பொதி தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று பொருள் கொண்டு அனுப்பும் வேகத்தைச் சட்டெனக் குறைக்கவேண்டும். பின்னர் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். இணையம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இந்த ஒழுக்கம் பெருங்காரணம்.

ஆனால் கம்பிக்குப் பொருந்திய அந்த ஊகம் காற்றுக்குப் பொருந்தவில்லை. கம்பியில் பொதி தொலைந்தால் பெரும்பாலும் நெரிசல்தான் காரணம். காற்றிலோ, பஸ் ஒரு மலை வளைவில் திரும்பியிருக்கலாம். பயணி ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குள் சென்றிருக்கலாம். பாதை வெறுமையாகக் கிடக்கும்போதே நெரிசல் என்று எண்ணி டி.சி.பி. வேகத்தைக் குறைத்துவிடும். உண்மையில் செய்ய வேண்டியது அதற்கு எதிர்மாறானது: தொலைந்ததை உடனே மீண்டும் அனுப்புவது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ஹரி பாலகிருஷ்ணன். பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, சீனிவாசன் சேஷன், பேராசிரியர் ரண்டி கட்ஸ் ஆகியோருடன் இணைந்து 1995ஆம் ஆண்டு அவர் ஓர் உபாயத்தை முன்வைத்தார். கோபுரத்து நிலையம் தன்னைக் கடந்து செல்லும் பொதிகளின் பிரதியொன்றைச் சிறிது நேரம் வைத்துக்கொள்ளும். காற்றில் ஒன்று தொலைந்துவிட்டதைக் கண்டால், தொலைதூரத்தில் இருக்கும் அனுப்புநருக்குத் தெரியாமலே தானே மீண்டும் அனுப்பிவிடும். அனுப்புநர் நெரிசலென்று மிரளவேண்டிய அவசியம் இல்லை. பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான பாலகிருஷ்ணனுக்கு 2023இல் மார்க்கோனி பரிசு கிடைத்தது.

கையடக்கத் தொலைபேசித் துறையினரும் தமது தரப்பில் இதே முடிவுக்கே வந்தனர்: காற்றில் நேரும் இழப்பைக் காற்றின் எல்லைக்குள்ளேயே சரிக்கட்ட வேண்டும். மூன்றாம் தலைமுறையின் மேம்பட்ட வடிவத்தில் இந்த உத்தி மேலும் கூர்மையடைந்தது. சிதைந்து வந்த பொதியைத் தொலைபேசி எறிந்துவிடுவதில்லை. அதனை வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை வரும் பிரதியோடு சேர்த்துப் பார்க்கிறது. மழையில் நனைந்த இரண்டு பத்திரிகைப் பிரதிகளில் வெவ்வேறு வரிகள் அழிந்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து முழுச் செய்தியையும் வாசித்துவிடலாம் அல்லவா? அதுபோன்றதே இது. மேலதிகக் குறியீடுகளால் பிழை திருத்தும் உத்தியும், திருப்பி அனுப்பக் கேட்கும் உத்தியும் இங்கே ஒன்றாகின்றன.

இலங்கை இந்த வரலாற்றில் பின்தங்கிய நாடு அன்று. தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை 1989இல் செல்டெல் நிறுவனம் இங்குதான் தொடங்கியது. மொபிடெல் 1993இல் வந்தது. நாட்டின் முதலாவது டிஜிட்டல் வலையமைப்பை டயலொக் 1995இல் ஆரம்பித்தது. அந்த இரண்டாம் தலைமுறையின் தொடக்க காலத்தில் தரவு வேகம் செக்கனுக்கு 9,600 பிற். 100 கிலோபைற் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்ப ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் வேண்டும். அதுவும் இடையில் தொடர்பு அறாதிருந்தால். மூன்றாம் தலைமுறைச் சேவை 2006 ஓகஸ்டில் இந்நாட்டில் வர்த்தக ரீதியாக அறிமுகமானது. நான்காம் தலைமுறை 2013இல் வந்தது. படச் சுருளைக் கொழும்பு பஸ்ஸின் சாரதியிடம் கொடுத்தனுப்பிய எங்கள் தலைமுறை நிருபர்களுக்கு இது சாதாரண மாற்றமன்று.

எனினும், மலையக மக்களின் வாழ்வோடு மிக நெருங்கியது வேகமான இணையம் அன்று, எளிய குறுஞ்செய்தியே. அது வந்து சேரும் விதமும் தனி. அனுப்பிய குறுஞ்செய்தி நேரே மற்றவரிடம் செல்வதில்லை. வலையமைப்பின் நிலையமொன்றில் தங்குகிறது. பெறுபவரின் தொலைபேசி அணைந்திருந்தால் காத்திருந்து, மீண்டும் மீண்டும் முயல்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின்போது குரல் அழைப்புகள் எடுபடாத இடங்களிலும் குறுஞ்செய்திகள் போய்ச் சேர்ந்ததைப் பலர் அனுபவத்தில் கண்டனர். அலோஹாவை இங்கே நினைவுகூர வேண்டும். அனர்த்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தின் கதவை ஒரே கணத்தில் தட்டுகின்றனர். தட்டுகள் மோதிச் சிதைகின்றன. அதையும் மீறி உட்செல்லும் குரல் அழைப்பு நிமிடக்கணக்கில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறுஞ்செய்தியோ சில செக்கன்களில் வேலையை முடித்துவிட்டு விலகிவிடுகிறது.

ஆனால் தமிழ்க் குறுஞ்செய்திக்கு ஒரு குறை உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைற். ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 குறியீடுகளே அடங்கும். தமிழில் புள்ளியும், கொம்பும், காலும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கிடப்படுகின்றன. 'மஹய்யாவ' என்பது எமது கண்ணுக்கு ஐந்து எழுத்து, தொலைபேசிக்கு ஏழு. 'மண்சரிவு அபாயம். உடனடியாக வெளியேறுங்கள்.' என்ற நான்கு சொற்களே 40 இடங்களை விழுங்கிவிடுகின்றன. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எங்கே செல்லவேண்டும் என்பவற்றையெல்லாம் எஞ்சிய 30 இடங்களுக்குள் அடக்க இயலாது. செய்தி இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். பிளந்தவை தனித்தனியாகவே பயணம் செய்கின்றன; ஒன்று தாமதித்தால் முழுச் செய்தியும் தாமதிக்கும்.

தனித்தனியாக அனுப்பாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே தடவையில் ஒலிபரப்பும் முறையொன்றும் உண்டு. அதில் நெரிசல் ஏற்படாது. இவ்விரு வழிகளையும் பயன்படுத்தும் அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பொன்றை மொறட்டுவைப் பல்கலைக்கழகம், டயலொக், மைக்ரோஇமேஜ் ஆகியன உருவாக்கின. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பயன்பாட்டுக்கென அது 2009இல் அறிமுகமானது. பாராட்டத்தக்க முயற்சி. எனினும், ஒலிபரப்பு முறையின் இயல்பையும் மறந்துவிடக்கூடாது: அதில் "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வருவதில்லை. அனுப்பியவர் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். கேட்டவர் எவர் என்று அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கணினி அறிஞர்கள் மூவரின் கருத்தொன்றைக் குறிப்பிடுவது பொருத்தம். சோல்ட்சர், ரீட், கிளார்க் என்ற அம்மூவரும் 1984ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்றில் கூறியதன் சாரம் இதுதான்: பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவுதான் பாதுகாப்புச் செய்தாலும், செய்தி பிழையின்றிச் சேர்ந்ததா என்பதை இரு முனைகளில் இருப்பவர்களால் மட்டுமே இறுதியாக உறுதிசெய்ய முடியும். இடையிலுள்ள கோபுரங்கள் செய்யும் உதவி வேகத்தைக் கூட்டும், உத்தரவாதத்தைத் தராது. அப்படியானால், மலையகத்துக்கு அனுப்பப்படும் எச்சரிக்கையின் முனை எது? தொலைபேசியா? இல்லை. லயன் அறையில் உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பமே அந்த முனை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. பலருடைய உடல்கள் இறுதிவரை மீட்கப்படவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்பதை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை காற்றில் தொலையவில்லை. கடிதமாகவும் கூட்டமாகவும் பயணம் செய்தது. ஆனால் பெற்றவர்கள் புரிந்துகொண்டார்களா, புரிந்துகொண்டாலும் போவதற்கு வேறிடம் இருக்கிறதா, போனார்களா என்று திருப்பிக் கேட்டு உறுதிசெய்யும் ஒழுங்கு இருக்கவில்லை. பதில் வராத பொதியைச் சில செக்கன்களுக்குள் மீண்டும் அனுப்ப வேண்டுமென்பது கணினிக்குத் தெரிகிறது. பதில் வராத எச்சரிக்கையை இங்கே ஆண்டுக்கணக்கில் கோப்புக்குள் வைத்திருந்தார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இந்தக் கேள்வியை எமது வாசலுக்கே கொண்டுவந்தது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. மின்சாரம் தடைப்பட்டும், கண்ணாடி இழை வடங்கள் அறுந்தும் மலைநாட்டின் பல பகுதிகளில் கோபுரங்கள் செயலிழந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் காற்றின் சிதைவை வென்ற அத்தனை உபாயங்களும், கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாதபோதும், செய்தி வாசிப்பவருக்குப் புரியாத மொழியில் இருந்தபோதும் பயனற்றுப் போயின.

இதற்குப் பெரும் செலவிலான புதிய தொழில்நுட்பம் வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் லேர்ன்ஏசியா நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து கரையோரக் கிராமங்கள் 32இல் பல்வேறு எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்தன. எமது தோட்டப் பிரிவுகளிலும் அத்தகைய பரீட்சை நடைபெறவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர்களுக்குத் தமிழில் செய்தி செல்லவேண்டும். "கிடைத்தது, இத்தனை குடும்பங்கள் வெளியேறிவிட்டன" என்று அவர்கள் பதில் அனுப்பவேண்டும். குறித்த நிமிடங்களுக்குள் பதில் வராவிட்டால், கிடைக்கவில்லை என்றே கொண்டு வேறு வழியால் அனுப்பவேண்டும். மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் போகலாம். கோயில் ஒலிபெருக்கி பேசலாம். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவையாவது இதனை ஒத்திகை பார்க்கவேண்டும்.

மாவட்டச் செயலகங்களில் அனர்த்த முன்னாயத்தக் கூட்டங்கள் நடைபெறும்போது, எத்தனை எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன என்ற கணக்கு வாசிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் இளம் நிருபர்கள் மற்றொரு கணக்கையும் கேட்கவேண்டும்: அவற்றுள் எத்தனைக்குப் பதில் வந்தது, பதில் வராத இடங்களுக்கு யார் போனார்கள்?